எந்தப் பதிப்பு?

ஜப்பானிய வீடியோ கேம்களை அமெரிக்காவுக்கு அனுப்பும்போது சமய அடையாளங்களை நீக்கிவிடுவது அக்காலத்தில் நின்டெண்டோவின் வழக்கம். 1991-இல் அங்கு வெளிவந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி’ நான்காம் பாகத்தில் ‘ஹோலி’ என்ற மந்திரம் ‘ஒயிட்’ ஆயிற்று. 1994-இல் ஆறாம் பாகத்தின் மதுக்கடைகள் கஃபேக்களாயின. (நமக்கு அதில் வருத்தமில்லை!)

ஆயினும் 1998-இல் வந்த ‘செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்’ விளையாட்டின் முதற்பதிப்பில், நெருப்புக் கோயிலின் பின்னணி இசையில் தக்பீர் ஒலித்தது. விலைக்குக் கிடைக்கும் ஒலித்தொகுப்பிலிருந்து எடுத்தது அது. சிலுவையைக் கண்டறிந்து நீக்கியவர்களுக்கு அரபு ஓசை வெறும் அலங்காரமாகப் பட்டிருக்கிறது. பின்வந்த பதிப்புகளில் அவ்விசை மாற்றப்பட்டது. கேடயத்திலிருந்த பிறையும் நட்சத்திரமும் மறுவெளியீடுகளில் வேறு சின்னமாயின.

இதனைத் தணிக்கை எனக் குறைகூறி, பழைய பதிப்பைத் தேடிப் பதிவிறக்கும் இளைஞர் நம்மிலும் உளர். “அதுதானே அசல், உஸ்தாத்?” என்று மாணவர் ஒருவர் கேட்டார். இசையமைப்பாளரின் கற்பனை வேறு. அதனுள் பொருளறியாமல் இழுத்துவரப்பட்ட திக்ரு வேறு. பிறை விஷயத்தில் எனக்கு அத்துணைக் கண்டிப்பில்லை. அது மார்க்கம் விதித்த சின்னமன்று. ஆனால் அல்லாஹ்வின் திருநாமம் வாள்வீச்சுக்குப் பின்னணியாக ஒலிக்காத பதிப்பு கைக்கெட்டும் தொலைவில் இருக்கையில், மற்றதை நாடுவானேன்? பெற்றோரே, விளையாட்டைப் பிடுங்க வேண்டாம்; எந்தப் பதிப்பு என்று பிள்ளையிடம் கேளுங்கள்.