மாத்திரை இல்லாமல் உளுந்தைக் காக்க

மரக்காணம் உப்பளக் காற்றின் ஈரம் பிரம்மதேசம் வரை வீசுகிறது. உளுந்து மூட்டையில் பயறு வண்டு பெருக அது போதும். வயலில் காயின் மீது இட்ட முட்டையோடுதான் வண்டு வீட்டுக்கே வருகிறது. அதனால் மருந்தை நாடும் விவசாயியைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் ஆட்கள் உறங்கும் வீட்டில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பது உயிருக்கே ஆபத்து. நன்கு காயவைத்துச் செம்மண் கட்டுவதும், கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி எண்ணெய் தடவுவதும் விதையைக் காக்கும். மண் பூசிய பயறை வியாபாரி வாங்க மாட்டார் என்ற விவசாயிகளின் கவலை நியாயமானது. விற்பனைப் பயறுக்குக் காற்றுப் புகாத பைகளே ஏற்றவை. மேற்கு ஆப்பிரிக்கத் தட்டைப்பயறு விவசாயிகள் வண்டை வெல்வது இவற்றால்தான். அறுவடைக்கு முன்பே வேளாண் விரிவாக்க மையங்களில் அவை மானிய விலையில் கிடைக்க வேண்டும்.