நிபுணரின் பழைய கணக்கு எங்கே?

மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த பங்குச்சந்தைப் பயிற்சி நிறுவனம் ஒன்றின் 546 கோடி ரூபாயை முடக்கி, 2025 டிசம்பரில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி இடைக்கால உத்தரவு போட்டது. பாடம் நடத்துவதாகச் சொல்லிக்கொண்டு, பதிவு எதுவும் பெறாமல், எந்தப் பங்கை வாங்கு, எதை விற்றுவிடு என்று கூறிவந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த ஆண்டு ஜனவரியிலேயே செபியின் சுற்றறிக்கை ஒன்று வந்திருந்தது. சந்தைக் கல்வி தருகிறவர்கள் கடைசி மூன்று மாத விலைகளை வைத்துக்கொண்டு ஒரு பங்கின் வருங்காலப் போக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்றது அது. இரண்டும் சரியான நடவடிக்கைகளே. யூடியூப் ஜோசியர்களுக்கு ஒரு கடிவாளம் தேவைதான்.

என் எரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் செய்தியை வாசித்து முடித்த கையோடு வணிகச் சேனல்கள் வழக்கமான வேலையைத் தொடங்கிவிடுகின்றன. கோட் அணிந்த ஒருவர் திரையில் தோன்றுகிறார். பங்கின் பெயர், வாங்கும் விலை, இலக்கு விலை, ஸ்டாப் லாஸ் எல்லாம் முப்பது நொடிக்குள் முடிந்துவிடுகின்றன. பொறுப்புத் துறப்பு அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஓடுகிறது. பத்திரிகைகளின் வணிகப் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? ‘என்னிடம் இந்த வங்கியின் 200 பங்குகள் உள்ளன, வைத்திருக்கலாமா?’ என்று வாசகர் கேட்கிறார். ‘நீண்ட கால நோக்கில் வைத்திருக்கலாம், குறிப்பிட்ட விலைக்குக் கீழே போனால் வெளியேறலாம்’ என்று நிபுணர் பதில் எழுதுகிறார். ஏறினாலும் இறங்கினாலும் பலிக்கும் பதில் இது. கேட்டவரின் வயது என்ன, கடன் எவ்வளவு, அந்தப் பணம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்ததா என்பதெல்லாம் எழுதுகிறவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

போன வருடம் இதே நிபுணர் என்ன சொன்னார், அதில் எத்தனை பலித்தது? புகைப்படமும் பதவியும் போடுகிற பத்திரிகை இந்த ஒரு தகவலை ஏன் போடுவதில்லை?

இந்தக் கேள்வி புதிதல்ல. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டார். ஆல்ஃப்ரெட் கௌல்ஸ், ‘சிகாகோ டிரிப்யூன்’ பத்திரிகையோடு தொடர்புள்ள குடும்பத்துப் பிள்ளை. குடும்பத்தின் முதலீடுகளைப் பார்த்துக்கொண்டவர். அதற்காகப் பல ஆலோசனை இதழ்களுக்குச் சந்தா கட்டியிருந்தார். 1929 பங்குச்சந்தைச் சரிவும் அதன் பிறகான வீழ்ச்சியும் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பின. 16 நிதி ஆலோசனை நிறுவனங்கள் நாலரை ஆண்டுகளில் கொடுத்த சுமார் 7,500 பரிந்துரைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்தார். 1933-இல் ‘எகனாமெட்ரிகா’ ஆய்விதழில் முடிவு வெளியானது: பரிந்துரைத்த பங்குகள் சராசரிப் பங்கைவிட ஆண்டுக்கு 1.43 சதவீதம் குறைவாகவே தந்திருந்தன.

அதோடு அவர் விடவில்லை. ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ ஆசிரியர் வில்லியம் பீட்டர் ஹாமில்டன் 1904 முதல் 1929 வரை எழுதிய சந்தைத் தலையங்கங்களையும் எடுத்துக்கொண்டார். அன்றைய அமெரிக்காவில் ஹாமில்டன் சொல் வேதவாக்கு. அவர் சொன்னபடியே வாங்கி விற்றிருந்தால் ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம் கிடைத்திருக்கும். ஒன்றும் செய்யாமல் முக்கியப் பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் 15.5 சதவீதம்! கால் நூற்றாண்டு எழுத்தின் மதிப்பு, சும்மா இருப்பதைவிட மூன்றரை சதவீதம் குறைவு. நம் ஊரில் இப்படி ஒரு கணக்கை எந்தப் பத்திரிகையாவது தன் பத்தியாளர்மீதே போட்டுப் பார்க்குமா? பார்க்காது. போட்டால் அடுத்த வாரம் பத்தி எழுத ஆள் இருக்காது.

இது வெறும் அறியாமை என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2024 பிப்ரவரியில் ஓர் இந்தி வணிகச் சேனல் விவகாரத்தில் செபி போட்ட இடைக்கால உத்தரவைப் படியுங்கள். விருந்தினராக வந்த நிபுணர்கள், திரையில் பரிந்துரைக்கப்போகும் பங்குகளின் பெயரை வேண்டியவர்களுக்கு முன்கூட்டியே சொன்னார்கள் என்கிறது உத்தரவு. அவர்கள் வாங்கிவைத்துக்கொண்டு, நேயர்கள் வாங்க ஓடிவந்தபோது விற்றுவிட்டார்களாம். 7.41 கோடி ரூபாய் முடக்கப்பட்டது. 1980-களில் அதே ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்தியாளர் ஃபாஸ்டர் வைனன்ஸ், அடுத்த நாள் பத்தியில் என்ன வரும் என்பதைப் பங்குத் தரகருக்குச் சொல்லி மாட்டிக்கொண்டார். அந்தக் கும்பலுக்குக் கிடைத்த லாபம் சுமார் 6,90,000 டாலர். அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்தது. கண்டம் மாறினாலும் முறை ஒன்றுதான்: வாசகன் கடைசியாக வாங்குவான் என்ற நம்பிக்கையில் நடக்கும் வியாபாரம்.

பாதிக்கப்படுவது யார் என்று கேட்பவர்களுக்கு செபியின் 2024 செப்டம்பர் ஆய்வே பதில். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் பங்கு சார்ந்த எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இறங்கியவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோரின் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. எதிர்த்தரப்பில் லாபம் பார்த்த பெரிய நிறுவனங்களும் அந்நிய முதலீட்டாளர்களும் அந்த லாபத்தில் 96, 97 சதவீதத்தை அல்காரிதம் மூலம் ஈட்டினார்கள். அதாவது, நிபுணரின் ‘டிப்ஸ்’ஸைச் செல்போனில் பார்த்து வாங்குகிற மதுரைக்காரர், மில்லி செகண்டில் முடிவெடுக்கும் கணினியோடு மல்லுக்கட்டுகிறார். தொழில்நுட்பத்தைப் பற்றி வாராவாரம் பேசும் நிபுணர்கள் இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை.

தொழில்நுட்பப் பக்கமும் இதே லட்சணம்தான். 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் தன் பெயரை மெட்டா என்று மாற்றியதும் எல்லோரும் மெட்டாவெர்ஸ் நிபுணர்கள். இப்போது எல்லோரும் செயற்கை நுண்ணறிவு நிபுணர்கள். நடுவில் அந்த மெட்டாவெர்ஸ் என்ன ஆயிற்று என்று எழுத யாருக்கும் நேரமில்லை.

‘கருத்துச் சுதந்திரம்’ என்பார்கள். கருத்து சொல்லட்டும், இலக்கு விலை கருத்தல்ல, விற்பனை. ‘விழிப்புணர்வு வளர்ந்திருக்கிறது’ என்பார்கள். 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த டிமேட் கணக்குகள் 2025 மார்ச்சில் 19 கோடியைத் தாண்டியது உண்மை. கணக்குத் திறப்பதற்குப் பெயர் விழிப்புணர்வு என்றால் எனக்கு வாதமில்லை. ‘நாங்கள் செபியில் பதிவு பெற்றவர்கள்’ என்பார்கள். பதிவெண் லாபத்துக்கு உத்தரவாதம் அல்ல என்று செபியே எழுதிவைக்கச் சொல்கிறது.

பத்திரிகைக்கு இதில் வேலையே இல்லை என்று சொல்லவில்லை. 1992 ஏப்ரலில் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் வங்கிப் பண மோசடியை வெளியே கொண்டுவந்தது பத்திரிகையாளர் சுசேதா தலாலின் செய்தி. எந்தப் பங்கை வாங்கலாம் என்று அவர் வாசகருக்குச் சொல்லவில்லை. பணம் எங்கே போனது என்று தேடினார். அந்தத் தேடலுக்கு இன்றைய வணிகப் பக்கத்தில் எத்தனை பத்தி ஒதுக்குகிறார்கள்?

பாடம் நடத்தும் யூடியூபர் கடைசி மூன்று மாத விலையை வைத்துப் பேசத் தடை விதித்த செபி, சேனலில் பேசுபவருக்கும் பத்திரிகையில் எழுதுபவருக்கும் அதே தடையை விதிக்க வேண்டும். இலக்கு விலை சொல்லும் நிகழ்ச்சிகளை முழுவதுமாக நிறுத்த வேண்டும். அதுவரை, நிபுணரின் படத்துக்குக் கீழே அவரது கடந்த ஓராண்டுப் பரிந்துரைகளையும் அவற்றின் இன்றைய விலையையும் அச்சிடுங்கள். இதற்கு ஆசிரியர்களுக்கு செபியின் உத்தரவு தேவையில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.