சக்தியை எங்கிருந்து தொடங்குவது?

'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு 2024-இல் கிராமி கிடைத்தாலும் கிடைத்தது, சக்தி குழுவைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அக்கா மகனும் கேட்டான். "எதுல மாமா ஆரம்பிக்கிறது?" விருது வாங்கியதையே கேட்டுவிட்டால் போச்சு என்பது அவன் கணக்கு. "அது அப்புறம்டா, முதல்ல 'தி பிலீவர்' கேளு" என்றேன்.

2000-இல் வந்த ஆல்பம் அது. 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் மறுபடி கூடிய குழு 1999-இல் மேடையில் வாசித்தவற்றின் தொகுப்பு. நான்கே பேர்: ஜான் மெக்லாஃப்லின் கிதார், யு. ஸ்ரீநிவாஸ் மாண்டலின், ஜாகிர் ஹுசேன் தபலா, வி. செல்வகணேஷ் கஞ்சிரா. எந்தச் சத்தம் யாருடையது என்று புதிய காது தடுமாறாது. அடுத்த வருஷத்து 'சாட்டர்டே நைட் இன் பாம்பே'யும் மேடைப் பதிவுதான். ஆனால் சங்கர் மகாதேவன், சிவமணி, சந்தூர் சிவ்குமார் சர்மா என்று விருந்தாளிகள் நிறைய. ஒரு குடும்பத்தைக் கல்யாணக் கூட்டத்தில் வைத்தா பழகிக்கொள்வது?

மேடைப் பதிவில் தொடங்குவது: யெஸ் மாதிரியான ப்ராக்ரஸிவ் ராக் குழுக்களுக்கும் இதே வழிதான் என்பேன். 1973-இல் மூன்று இசைத்தட்டுகளாக வந்த 'யெஸ்ஸாங்ஸ்' முழுக்க மேடையில் வாசித்தது. நீளமான உருப்படியை எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும்போது வாசித்தால் அதில் ஒரு துணிச்சல் தானாக வந்துவிடுகிறது. சக்தியின் முதல் ஆல்பமே மேடைப் பதிவு. 1975 ஜூலையில் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் வாசித்து, 1976-இல் வெளிவந்தது. மாறாக, 1977-இன் 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' ஸ்டுடியோவில் செய்தது, எல்லாம் குட்டிக் குட்டி உருப்படிகள். அதை முதலில் கேட்டவர், இதமான பின்னணி இசை என்று முடிவு கட்டிப் போய்விடுவார்.

நம் புதுக்கோட்டைக்காரன் 'பிலீவ'ரில் தொடங்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு: அதில் இருக்கும் கஞ்சிரா. பஜனையில் தட்டிக்கொண்டிருந்த கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுகிறவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் சிங்கம். (வெளியூர்க்காரர் வந்தால் குடுமியான்மலை இசைக் கல்வெட்டைக் காட்ட ஓடுகிறோம். கஞ்சிராவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை.)

பலாமரச் சட்டம், மரபாக உடும்புத் தோல், ஒரே துளையில் சில காசுகள், வாத்தியம் இவ்வளவுதான். தோல் காய்ந்தால் சுருதி ஏறிக் கீச்சிடும். உள்பக்கம் தண்ணீர் தொட்டுத் தடவினால் இறங்கி வரும். வலது கை தட்டும்போது, சட்டத்தைப் பிடித்திருக்கிற இடது கையின் விரல்கள் ஓரத்தில் தோலை அழுத்தும். அந்த அழுத்தத்தில்தான் 'கும்'மென்ற நாதம் வளைந்து மேலேறுகிறது. செல்வகணேஷ் அப்படி வளைத்துவிட்டு நிறுத்த, ஜாகிர் தபலாவில் பதில் சொல்கிறார். எதிரெதிரே உட்கார்ந்தால்தான் இது நடக்கும். 'திஸ் மொமென்ட்' பெரும்பாலும் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு பதிவு செய்து ஒட்டியது. அழகாகத்தான் இருக்கிறது, இந்தச் சண்டை மட்டும் இல்லை.

'பிலீவர்' பிடித்துப்போனால் அடுத்தது ராக் பக்கம் போக வேண்டாம், புதுக்கோட்டை வழிக்கே வாருங்கள். தட்சிணாமூர்த்தி பிள்ளை 1936-இலேயே போய்விட்டார், நாடாப் பதிவுக் காலம் வரை இல்லை. ஆனால் அதே புதுக்கோட்டை வழியில் வந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) மதுரை மணி ஐயருக்கு மிருதங்கம் வாசித்த கச்சேரிகள் நாடாவில் கிடைக்கின்றன. பக்கத்துக்கு மூன்று நிமிஷம் ஓடிய பழைய இசைத்தட்டில் தனி ஆவர்த்தனத்துக்கு ஏது இடம்? கச்சேரிப் பதிவில்தான் அவரைப் பிடிக்க முடியும். கரகரப்பு இருக்கும், நடுவில் யாராவது இருமுவார்கள். இடதுகைக்காரர் என்பதால் அவருக்குத் தொப்பி, அதாவது மிருதங்கத்தின் கனத்த நாதம் தரும் பக்கம், வலது கையில். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தத் தொப்பியை மட்டும் தொடர்ந்து கேளுங்கள்.