பின்நவீனம்: சொல்லும் பொருளும்

'நவீனம்' என்றால் புதுமை. அப்படியாயின் 'பின்நவீனம்' என்பது புதுமைக்கும் பிந்திய புதுமையோ? புரியாத கவிதையையும் கோணலான கட்டடத்தையும் கண்டவுடன் 'பின்நவீனம்' என்று சொல்லிவிடுவோர் பலர். பொருளறியாது ஒரு சொல்லைப் புகழ்வதும் தவறு, இகழ்வதும் தவறு என்பதே எங்கள் கருத்து.

இச்சொல்லிலுள்ள 'பின்' காலத்தை மட்டும் குறிப்பதன்று. நவீன காலம் அளித்த வாக்குறுதிகளின் மீது எழுந்த ஐயத்தையும் குறிக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், 1950களில், புரூயிட்-ஐகோ என்னும் குடியிருப்பு ஏழைகளுக்காக எழுந்தது. ஒரே அச்சில் வார்த்தாற்போல் 33 கட்டடங்கள். ஒவ்வொன்றும் 11 மாடி! பராமரிப்பும் பாதுகாப்பும் குன்றி அது பாழாயிற்று. 1972இல் இடிக்கத் தொடங்கினர். அதையே நவீனக் கட்டடக்கலையின் மரணம் என்று சார்லஸ் ஜெங்க்ஸ் தம் 1977ஆம் ஆண்டு நூலில் எழுதினார். பழைய தூண்களையும் வளைவுகளையும் புதுமையோடு கலந்து கட்டும் முறை பின்நவீனம் எனப் பெயர் பெற்றது.

1979இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் லியோத்தார் இச்சொல்லை அறிவுத்துறைக்குக் கொண்டுவந்தார். அனைத்தையும் ஒரே விளக்கத்தில் அடக்கும் 'பெருங்கதையாடல்'களை நம்பாமையே பின்நவீன நிலை என்றார். ஆகவே கட்டடத்தில் ஒரு பொருள். தத்துவத்தில் வேறு பொருள். திருத்தந்தை புனித இரண்டாம் அருள் சின்னப்பரும் 1998ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், இச்சொல் தெளிவற்றது, ஆயினும் கவனிக்கத்தக்கது என்றே குறிப்பிட்டார்.

பெருங்கதைகளை ஐயுறுவோர் நம் விசுவாசத்தையும் ஐயுறுவாரே, இச்சொல்லை விலக்கிவிடலாகாதா என்று சிலர் கேட்கலாம். விலக்க வேண்டியதில்லை. மன்னர்களின் போர்களையே பேசிய வரலாற்றில் இடம்பெறாத பெண்களின் கதையையும் ஏழைகளின் கதையையும் கேட்கச் செய்தது இந்த ஐயத்தின் நன்மை. இரண்டு காசு காணிக்கையிட்ட ஏழைக் கைம்பெண்ணை நம் ஆண்டவரும் சுட்டிக்காட்டவில்லையா? ஆனால், உண்மை என்று ஒன்றுமே இல்லை என்போர், அக்கூற்றை மட்டும் உண்மை என்று எவ்வாறு கூறுவர்? ஐயம் வீட்டின் வாயிற்படியாகலாம், அதுவே வீடாகாது.

ஆகவே, அன்புத் தோழியரே! இச்சொல் காதில் விழும்போதெல்லாம், 'எத்துறையில்? எப்பொருளில்?' என்று பணிவோடு கேட்போம். விடை அறிந்தபின் ஏற்போம். அல்லது துணிவோடு மறுப்போம்.