வீடு நமது, அடிமனை யாருடையது?

அருப்புக்கோட்டை மில்லில் இரவு ஷிப்டு முடித்து, கண்ணெரிச்சலோடு காலை பஸ்ஸில் ஊர் திரும்பும் தொழிலாளியைக் கேளுங்கள். காரியாபட்டிக் கரிசலில் பருத்தி எடுத்தும், மழை பொய்த்த வருஷங்களில் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போட்டும் பிழைக்கும் விவசாயத் தொழிலாளியைக் கேளுங்கள். இருவருக்கும் ஆயுளில் ஒரே ஒரு ஆசைதான்: சொந்தமாக ஒரு வீடு. வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, மனைவியின் தோட்டை அடகு வைத்து அதைக் கட்டியும் விடுகிறோம். ஆனால் கட்டிய இடம் கோயிலுடையதாகவோ, மடத்துடையதாகவோ, தனியார் ஒருவருடையதாகவோ இருந்துவிட்டால், செங்கல் நம்முடையது, ஓடு நம்முடையது, மண் மட்டும் அடுத்தவருடையது. இதற்குப் பெயர்தான் அடிமனை வாடகை.

மற்ற வாடகைக்கும் இதற்கும் பெரிய பேதம் உண்டு. வாடகை வீட்டில் இருப்பவன், வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவுக்குப் போகலாம். அடிமனைக்காரன் எங்கே போவான்? சுவரைத் தலையில் தூக்கிக்கொண்டு போக முடியுமா? போக முடியாதவனிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது நில உடைமையின் பழைய ரகசியம்.

சக்கரம் இருந்தும் கதி இதுதான்

சுவரைத் தூக்க முடியாததுதான் நமது குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சக்கரம் பூட்டி இழுத்து வரக்கூடிய வீடுகள் உண்டு. தொழிற்சாலையில் செய்யப்படும் இத்தகைய வீடுகளில் சுமார் 2 கோடிப் பேர் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள். ஆனால் அவர்களில் பலர் வீடு நிற்கும் மனைக்கு மாதாமாதம் வாடகை கட்டுகிறார்கள். பெயருக்குத்தான் அது நகரும் வீடு. இறக்கி வைத்த பிறகு மறுபடி பெயர்க்க ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும். பழைய வீடென்றால் பெயர்க்கும்போதே நொறுங்கிவிடும். இதைத் தெரிந்துகொண்ட பெரும் மூலதனக் கம்பெனிகள் அந்த மனைகளை மொத்தமாக வாங்கி வாடகையை ஏற்றி வருகின்றன. சக்கரம் உள்ள வீட்டுக்கே இந்தக் கதி என்றால், அஸ்திவாரம் போட்ட வீட்டுக்கு என்ன கதி?

சட்டம் கொடுத்ததும் எடுத்ததும்

நம் நாட்டில் இந்த அநீதி புதிதல்ல. சென்னை நகரில் நியாயமான மனை வாடகை கட்டும்வரை நம்மைக் கிளப்பமாட்டார்கள் என்று நம்பி, பிறர் நிலத்தில் ஏழைகள் வீடு கட்டினார்கள். மனை விலை ஏறியதும் சொந்தக்காரர்கள் வெளியேற்றக் கிளம்பினார்கள். அதன் பிறகுதான் 1921ம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன் 9வது பிரிவு, குடியிருப்பவன் கோர்ட்டுக்குப் போய், விலை கொடுத்து அந்த மனையை வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தந்தது. 1955ல் மற்ற நகரங்களுக்கும் அதை விஸ்தரிக்க வழி செய்யப்பட்டது.

வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே கிடைத்த அந்த உரிமை பிறகு என்னவாயிற்று? 1996ல் ஒரு திருத்தம் வந்தது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் சகல மத ஸ்தாபனங்களின் நிலங்களும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. நிலுவையில் இருந்த வழக்குகளும் அதோடு அற்றுப் போயின.

இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஏ பிரிவு வேறொரு வழியில் கை வைத்தது. சந்தை மதிப்பைப் பார்த்து வாடகை நிர்ணயிக்க ஒரு குழு; மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறு நிர்ணயம். குழுவில் யார் யார்? இணை ஆணையர், கோயிலின் செயல் அலுவலர் அல்லது தர்மகர்த்தா, மாவட்டப் பதிவாளர். வாடகை கட்டுகிறவன் சார்பில் ஒருவராவது உண்டா? கிடையாது.

சந்தை மதிப்பு என்கிறார்களே, அது எப்படி ஏறியது? முள் அடர்ந்த பொட்டலாகக் கிடந்த இடத்தை வெட்டித் திருத்தியவர்கள் நாம். பாதை கேட்டு, தெருவிளக்கு கேட்டு, குடிதண்ணீர்க் குழாய் கேட்டு மனு மேல் மனு போட்டவர்கள் நாம். நமது வியர்வையால் மண்ணின் மதிப்பு உயர்ந்தது. உயர்ந்த மதிப்பைக் காட்டி நம்மிடமே கூடுதல் வாடகை கேட்கிறார்கள்! மில்லில் கூலி அப்படி ஏறுகிறதா? கட்ட முடியாமல் பாக்கி விழுந்து குத்தகை ரத்தானால், தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவனுக்கு அன்று முதல் பட்டம் 'ஆக்கிரமிப்பாளன்'. சர்க்கார் வீட்டுத் திட்டத்துக்கு மனுப் போட்டாலோ, பாங்கில் கடன் கேட்டாலோ முதல் கேள்வி, பட்டா எங்கே என்பதுதான்.

2019ல் ஆக்கிரமிப்பு இடங்களில் குடியிருக்கும் ஏழைகளுக்கு வரன்முறை செய்து கொடுக்க அரசாணை போட்டார்கள். கோயில் நிலம் தொடர்பாக வழக்கு வந்தது. உயர்நீதிமன்றம் தடை விதித்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது நமது பழமொழி. இங்கே சர்க்காரும் கோர்ட்டும் மாறி மாறிப் பூசாரி வேலை பார்க்கின்றன.

கோயில் சொத்தை விழுங்கவா கேட்கிறோம்?

"கோயில் சொத்தை விழுங்கப் பார்க்கிறார்கள்" என்று சிலர் கூப்பாடு போடுகிறார்கள். நாம் இனாமாகக் கேட்கவில்லை. தவணை முறையில் நியாய விலை தருகிறோம், அந்தப் பணம் கோயிலின் கணக்கில் நிற்கட்டும் என்கிறோம். விளக்கெரிக்கவும் திருவிழா நடத்தவும் அது உதவட்டும். கோயில் மனையில் பெரும் கட்டடம் எழுப்பி வியாபாரம் செய்கிறவனையும், ஒண்டக் குடிசை போட்டவனையும் ஒரே தராசில் வைக்காதே என்பதே நமது வாதம்.

இது நடக்காத காரியமா? 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அசைக்க முடியாது என்று நினைத்த ஜமீன்கள் அசைந்தன. கிராம நத்தத்தில் குடியிருந்தோருக்கு வீட்டுமனை அளந்து நத்தம் பட்டா கொடுத்தார்கள். தெருவின் இந்தப் பக்கத்து மனை நத்தமானால் குடியிருப்பவனுக்குப் பட்டா, அந்தப் பக்கத்து மனை மடத்துடையதானால் நோட்டீசா? இருவரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள்தானே! அமெரிக்காவிலும் 1984ல் நியூ ஹாம்ப்ஷயரின் மெரிடித் என்ற ஊரில், மனை கைமாறப் போகிறது என்று அறிந்த குடியிருப்பாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து அந்த நிலத்தையே வாங்கினார்கள். அந்த வழியில் இன்று பல நூறு குடியிருப்புகள் நிற்கின்றன.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. வாடகையைச் சந்தை விலையை வைத்து அல்ல, குடியிருப்பவனின் வருமானத்தை வைத்து நிர்ணயம் செய்! நிர்ணயக் குழுவில் குடியிருப்போரின் பிரதிநிதிக்கு இடம் கொடு! பாக்கியைக் காட்டி ஏழையை வீட்டைவிட்டு வெளியேற்றாதே! 1996ல் பறித்த வாங்கும் உரிமையைத் திருப்பிக் கொடு. அதைக் கிராமங்களுக்கும் விஸ்தரி!

தோழர்களே! நோட்டீஸ் வந்த வீட்டுக்காரன் தனியாக வக்கீலைத் தேடி அலைவதால் பயனில்லை. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவு வந்தால் 30 நாள் கெடுவுக்குள் ஆணையரிடம் அப்பீல் செய்யுங்கள். தெருத் தெருவாகக் கூடி, மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒரே மனுவில் கையெழுத்திடுங்கள். வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓட நம்மால் முடியாது. எனவே நின்று போராடுவதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை!