பெயின்ட் அடிக்காத பெயின்ட் காசு

கொஞ்சம் நீளமான பதிவு. வாடகை வீட்டில் இருப்பவர்களும் வாடகைக்கு வீடு கொடுத்திருப்பவர்களும் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள். வாசித்த பிறகு ஏசுவதென்றால் ஏசுங்கள்.

நாங்கள் இருவருமே ஆசிரியர்கள். சொந்த ஊர் இது இல்லை. நியமனம் கிடைத்து கேகாலை மாவட்டத்துக்கு வந்து ஏழு வருடம். இந்த ஏழு வருடத்தில் மூன்று வீடு மாறிவிட்டோம். மூன்று வீட்டிலும் போகும்போது ஒரே கதை: "பெயின்ட் காசு."

கடைசி வீட்டுக் கதையை மட்டும் சொல்கிறோம். ஊர் பெயரோ ஆள் பெயரோ சொல்ல மாட்டோம். யாரையும் சந்தியில் நிறுத்துவது எங்கள் நோக்கம் இல்லை.

டவுனில் ஒரு கடைக்கு மேல் மாடி வீடு. இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. வீட்டைப் பார்க்கப் போன அன்றே பின் அறையின் ஒரு சுவர் கறுப்பாக இருந்தது. வெளியே பீலி உடைந்து, மழைத் தண்ணீர் முழுக்க அந்தச் சுவரில்தான் வடிந்தது. "பீலியைத் திருத்தித் தாறேன் சேர், யோசிக்காதீங்க" என்றார் வீட்டுக்காரர். 90,000 ரூபா அட்வான்ஸ் கொடுத்துக் குடியேறினோம். இரண்டு வருடமும் எட்டு மாதமும் இருந்தோம். வாடகை ஒரு மாதமும் பிந்தவில்லை. பீலியும் அப்படியேதான் இருந்தது.

வீட்டை விடும்போது சாவியைக் கொடுத்துவிட்டு அட்வான்ஸைக் கேட்டோம். கையில் வந்தது 16,000 ரூபா. மீதி 74,000 ரூபா "உள்ளுக்கு முழுக்கப் பெயின்ட் அடிக்க."

"நாங்க எடுக்கும்போதே சுவர் இப்படித்தானே ஹாஜியார் இருந்திச்சு?"

"எல்லாருமே குடுத்துட்டுத்தான் சேர் போறாங்க."

அவ்வளவுதான் பதில். பில் இல்லை, பாஸ் ஒருவர் வந்து அளந்து சொன்ன கணக்கும் இல்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு, லொறியில் சாமான் ஏற்றிவிட்டு, நடு ரோட்டில் நின்று யார் சண்டை பிடிப்பது? பேசாமல் வந்துவிட்டோம்.

இரண்டு கிழமை கழித்து, அதே வீட்டுக்கு எங்களோடு படிப்பிக்கும் ஒரு டீச்சரின் குடும்பம் குடி போனது. அவர் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ஹோல் கதவுக்குப் பக்கத்தில் எங்கள் மகளின் உயரத்தை வருடா வருடம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தோம். அந்தக் கோடு மூன்றும் அப்படியே இருந்தன. "இது உங்கட மகள்தானே?" என்று கேட்டிருந்தார்.

பெயின்ட் அடிக்கவே இல்லை. 74,000 ரூபாவும் போனது, சுவரும் அப்படியே இருக்கிறது. இனி அந்த டீச்சர் வீட்டை விடும்போது அவரிடமும் அதே சுவருக்குக் காசு வெட்டப்படும்.

இதை இதற்கு மேலும் பேசாமல் விட்டால் நாங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஒழுக்கமும் படிப்பிப்பதில் அர்த்தமில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்று. சுற்றளவு 44 அடி. ஒன்பது அடி உயரம் என்றால் சுவர் 396 சதுர அடி. கதவும் ஜன்னலும் கழித்தால் ஏறத்தாழ 360. இரண்டு கோட் அடித்தால் 720 சதுர அடி. இமல்ஷன் ஒரு லீட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 சதுர அடி பிடிக்கும். ஆக ஓர் அறைக்கு ஏழு லீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதற்கு மேல் பில்லர், பிரைமர், பாஸுக்குக் கூலி. இது ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. உங்கள் வீட்டுக்கு இதைப் போட்டு, ஹாட்வெயார் கடையில் விலை கேட்டு எழுதிப் பாருங்கள். உங்களிடம் வெட்டிய காசு பெயின்டுக்கா வேறு எதற்கா என்பது அப்போது தெரியும்.

இரண்டாவது, காலம். வீட்டுக்குள் அடிக்கும் பெயின்ட் ஆயுள் முழுக்க இருக்காது. யார் குடியிருந்தாலும், யாருமே இல்லாவிட்டாலும், நாலைந்து வருடத்தில் மங்கும். அந்த மங்கலுக்குத்தான் மாதா மாதம் வாடகை கொடுக்கிறோம். வாடகை வானுக்கு ஓடிய கிலோமீட்டருக்குக் காசு கொடுத்த பிறகு டயர் தேய்ந்ததற்கும் தனியாகக் கேட்டால் கொடுப்போமா?

பெயின்டுக்கு ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பெயின்ட் அடித்த வீட்டில் ஒருவர் மூன்று வருடம் இருந்து சுவரைப் பாழாக்கிவிட்டால், மீதமுள்ள இரண்டு வருடத்துக்கான பங்கை, ஐந்தில் இரண்டை, அவர் கொடுக்கட்டும். அது நியாயம். முழுச் செலவையும் கேட்பது நியாயமில்லை. நாங்கள் போகும்போதே பழைய பெயின்டாக இருந்த வீட்டுக்கு எங்களிடம் எடுக்க மிச்சம் என்ன இருந்தது?

மூன்றாவது, மழை. சப்ரகமுவ எப்படிப்பட்ட இடம் என்று சொல்லத் தேவையில்லை. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. களு கங்கை பெருகினால் தண்ணீர் நின்ற உயரம் சுவரில் கோடாகவே தெரியும். 2017 மே வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஈரம் அத்திவாரத்திலிருந்து ஏறுகிறது, உடைந்த பீலியிலிருந்து இறங்குகிறது. ஈரச் சுவரில் எந்தக் கம்பனிப் பெயின்டை அடித்தாலும் கொப்பளித்து உரியும், பூஞ்சணம் பிடிக்கும். அது குடியிருந்தவரின் அழுக்கு இல்லை, கட்டடத்தின் நோய். ஈரம் வரும் வழியை அடைக்காமல் குடியிருந்தவரின் காசில் மேலே பெயின்ட் அடிப்பது, காய்ச்சல்காரனுக்குப் புதுச் சட்டை போட்டுவிடுவது மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது? நாங்கள் சட்டத்தரணிகள் இல்லை. ஆனாலும் இவ்வளவு எங்களுக்குத் தெரியும். எங்கள் நாட்டில் வாடகை உறவுக்கு அடியில் இருப்பது உரோம-டச்சுச் சட்டம். அதன்படி குடியிருந்தவர் வீட்டை நல்லபடி திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் நியாயமாகப் பாவித்ததால் வந்த தேய்மானம் அவர் தலையில் விழாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்து வைத்திருந்தால் அது வேறு கதை. எங்கள் கடதாசியில் எழுதியிருந்தது "வீட்டை எடுத்தபடியே திருப்பி ஒப்படைக்க வேண்டும்" என்றுதான். எடுத்தபடியேதான் கொடுத்தோம், கறுப்புச் சுவரோடு!

இன்னொன்று. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசுக்கு முன்னால், சாட்சி இருவரோடு எழுதப்பட வேண்டும். கடையில் வாங்கிய படிவத்தில் முத்திரை ஒட்டி "இரண்டு வருட எக்ரிமென்ட்" என்று கையெழுத்து வைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்காரருக்கும் அந்தக் கடதாசி முழுப் பாதுகாப்பு இல்லை.

வெளியே பார்ப்போம். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின் அட்டவணையில், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டுச் சொந்தக்காரரின் வேலை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் 2015 மார்ச்சில் அந்த நாட்டின் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பெயின்ட் அடிக்காத வீட்டை ஈடு எதுவும் கொடுக்காமல் வாடகைக்குக் கொடுத்துவிட்டு, பெயின்ட் அடிக்கும் பொறுப்பை அச்சடித்த ஒப்பந்தத்தால் குடியிருப்பவர் மேல் போட முடியாது என்று. இங்கிலாந்தில் 2007 முதல், வழமையான வாடகை வீடுகளுக்கு வாங்கும் அட்வான்ஸை வீட்டுக்காரர் நினைத்தபடி வைத்திருக்க முடியாது. அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் பாதுகாக்க வேண்டும். லண்டனில் இருக்கும் உங்கள் சொந்தக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே வாடகைக்கு இருக்கும்போது இந்த நியாயம் நம் ஆட்களுக்கு நன்றாக விளங்குகிறது. ஊரில் வீடு கட்டி வாடகைக்குக் கொடுக்கும்போதுதான் மறந்துபோகிறது.

மார்க்கத்தை நாங்கள் நீட்டி முழக்கப் போவதில்லை. அட்வான்ஸ் என்பது அமானத். இன்னொருவரின் ஹக்கு. பள்ளியில் முதல் ஸஃப்பில் நிற்பவர்களுக்கு இதை நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மறுபக்கமும் தெரியும். வீட்டுக்காரர் எல்லோரும் முதலாளிமார் இல்லை. கணவர் மௌத்தாகி, மேல் மாடி வாடகையில் பிள்ளை படிப்பிக்கும் தாய்மாரை எங்களுக்குத் தெரியும். வாடகைக்கு வந்தவர்கள் சுவர் முழுக்க ஆணி அடித்து, குசினியில் விறகு எரித்துக் கரி பூசி, கடைசி இரண்டு மாத வாடகையும் கொடுக்காமல் ஓடிய கதைகளும் உண்டு. ஆசிரியர்களும் அதில் இருக்கிறார்கள். அந்த ஆணி ஓட்டைக்கும் கரிக்கும் காசு எடுங்கள். பில்லைக் காட்டி எடுங்கள். எங்கள் மகளின் பென்சில் கோட்டுக்கும் அந்த இடத்தைத் திருத்தும் செலவை எடுத்திருந்தால் சந்தோசமாகக் கொடுத்திருப்போம். எங்கள் சண்டை, செய்யாத வேலைக்குக் காசு எடுப்பதோடும், காலம் செய்ததை ஆள் தலையில் கட்டுவதோடும்தான்.

இனி ஒரு விசயம். இதை எழுதக் காரணமே அதுதான்.

நாங்கள் படிப்பிப்பது தோட்டத்துப் பாடசாலையில். தீபாவளிக்கு முந்திய கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் விரலிடுக்கில் பெயின்ட் காய்ந்திருக்கும். "லயத்துக்குப் பெயின்ட் அடிச்சோம் சேர்" என்று பெருமையாகச் சொல்லும். ஒரு லயக் காம்பிராவும் ஏறத்தாழ மேலே சொன்ன பத்துக்குப் பன்னிரண்டு கணக்குத்தான். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆக்கப்பட்டது. அந்த ஒரு நாள் கூலிக்கு நாலு லீட்டர் டின் ஒன்று வராது. ஏழு லீட்டருக்கு எத்தனை நாள் கொழுந்து பறிக்க வேண்டும், எத்தனை நாள் பால் வெட்ட வேண்டும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

அந்தச் சுவர் யாருடையது? தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. காணி அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு. தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருக்கும் பெரும்பாலானோர் கையில் ஒரு துண்டு உறுதியும் இல்லை. பின்னால் ஒரு குசினி இறக்கக்கூட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். முன்பு தோட்டமே ஆள் வைத்து லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது கூரைத் தகரம் ஒழுகினால், சுவர் ஈரமானால், அது "உங்கட வீடு". ஒரு அறை கூட்டிக் கட்டப் போனால் அது "தோட்டத்து வீடு".

டவுனில் எங்களுக்கு நடந்ததும் தோட்டத்தில் அவர்களுக்கு நடப்பதும் ஒரே அநியாயம்தான். சொந்தம் ஒருவருக்கு, செலவு இன்னொருவருக்கு. எங்களுக்காவது போகும்போது சண்டை பிடிக்க ஒரு அட்வான்ஸ் இருந்தது. அவர்களுக்கு அதுவும் இல்லை. எங்கள் 74,000 ரூபாவுக்கு மட்டும் குரல் கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளைகளின் சுவரைப் பற்றிப் பேசாமல் இருந்தால் நாங்களும் அரைவாசிதான் நியாயம் பேசுகிறோம். சொந்தம் கொண்டாடுகிறவர்கள் சுவரைப் பார்க்கட்டும். முடியாதென்றால் காணியையும் வீட்டையும் உறுதியோடு கொடுக்கட்டும். அதற்குப் பிறகு அந்த மக்கள் தங்கள் சுவருக்குத் தாங்களே பெயின்ட் அடிப்பார்கள், ஒருவரும் சொல்லத் தேவையில்லை.

இப்போது என்ன செய்யலாம்?

1. வீட்டுக்குப் போகும் அன்றே, சாமான் இறக்குவதற்கு முன்னால், ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். திகதியோடு அது அப்படியே இருக்கும்.

2. கடைசியாகப் பெயின்ட் அடித்தது எந்த மாதம், எந்த வருடம் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். "போகும்போது பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டும்" என்று இருந்தால் கையெழுத்துக்கு முன்னால் பேசுங்கள். நாங்கள் வாசிக்காமல் கையெழுத்து வைத்த வீடும் ஒன்று உண்டு. அது எங்கள் பிழை.

3. காசு வெட்டினால் பில் கேளுங்கள். பில் இல்லாவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் சபை அது. அங்கே சட்டத்தரணி தேவையில்லை, இருவரும் உட்கார்ந்து பேசுவதுதான்.

4. பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் வர்த்தக சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாவனல்லை, எட்டியாந்தோட்டை, பலாங்கொடை, இறக்குவானை என்று நம் ஊர்களில் வெளியூர் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் நிறையப் பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். நியாயமான மாதிரி ஒப்பந்தம் ஒன்றை ஒரு சட்டத்தரணியிடம் எழுதி வாங்கி ஊரில் பகிரலாம். இது பெரிய செலவான வேலை இல்லை.

எங்கள் 74,000 ரூபா திரும்பி வருமா என்று தெரியாது. மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுக்கப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். அந்த டீச்சரிடம் பென்சில் கோட்டை அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். அது இப்போது எங்கள் சாட்சி.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம், கணக்கை மட்டும் எழுதுங்கள். வீட்டுக்காரர்கள் தங்கள் நியாயத்தையும் எழுதுங்கள், கேட்கத் தயாராக இருக்கிறோம். "எல்லாருமே குடுத்துட்டுத்தான் போறாங்க" என்பதை மட்டும் நியாயமாக எழுத வேண்டாம்.