முன்பணம் யாருடையது?

"என்னங்க இது, திருடனை விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறான்!"

லண்டனில் வீடு வாங்கக் கிளம்புகிற நம்மூர்க்காரர்கள் ஏதாவது ஒரு நாள் என்னிடம் சொல்லும் வசனம் இது. நான் பேங்க் ஆள் என்பதால் புலம்பல் எல்லாம் இங்கேதான் வரும். வீட்டுக்கடன் கொடுப்பவரும், பத்திரம் பார்க்கும் சொலிசிட்டரும் திருப்பித் திருப்பி ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: முன்பணம் எங்கேயிருந்து வந்தது? 2017-ல் வந்த பணமோசடித் தடுப்பு விதிகளின்படி அவர்கள் கேட்டே ஆகவேண்டும்.

நானும் புலம்பியவன்தான். பி.காம். முடித்து, திருப்பதியில் ஒரு கிளையில் பல வருஷம் கடன் பிரிவில் உட்கார்ந்தவன். அங்கேயும் இந்தக் கேள்வி உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக்கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரைதான் கொடுக்கலாம். கடன் 75 லட்சத்தைத் தாண்டினால் 75 சதவீதம்தான். மீதி மார்ஜின் பணம் வாடிக்கையாளர் போடவேண்டும். "எப்படி சார் ஏற்பாடு பண்ணீங்க?" என்பேன். "ஊர்ல நிலம் வித்தோம் சார்" என்பார்கள். ரசீதை ஃபைலில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். யார் நிலம், எத்தனை பேருக்குப் பங்கு என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

2024-ல் என் முறை வந்தது. 2,80,000 பவுண்டுக்கு ஒரு சின்ன வீடு. 15 சதவீதம் முன்பணம், அதாவது 42,000 பவுண்டு. சந்திரகிரி பக்கத்தில் கொள்ளுத்தாத்தா காலத்து மாந்தோப்பு ஒன்று இருந்தது. நைனா (எங்க சித்தூர் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அதை 45 லட்ச ரூபாய்க்கு விற்றார். முதலில் வந்த ஆள், "பத்திரத்துல கவர்மெண்ட் ரேட் போட்டுக்கலாம், மீதியைக் கையில தரேன்" என்றார். நைனா ஒத்துக்கொள்ளவில்லை. நல்லவேளை. சொத்து விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2015 ஜூனிலிருந்தே வருமானவரிச் சட்டப்படி தப்பு. அப்படி வாங்கிய ரொக்கத்துக்கு லண்டனில் எந்தக் கணக்கும் காட்ட முடியாது.

முழுத்தொகையும் பத்திரத்தில் இருந்தது, நைனாவின் பேங்க் கணக்கில் இருந்தது. இனி என்ன கவலை என்று நினைத்தேன். அப்புறம் கேள்விகள் வர ஆரம்பித்தன :-)

உங்கள் அப்பாவின் வரி ரிட்டர்ன் எங்கே? கிடையாது. விவசாய வருமானத்துக்கு வருமானவரி இல்லை. நகர எல்லையைத் தாண்டிய கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியும் இல்லை. பழைய ஆவணத்தில் சித்தூர் ஜில்லா, புதுப் பத்திரத்தில் திருப்பதி ஜில்லா, இது வேறு நிலமா? இல்லை ஐயா, 2022 ஏப்ரல் 4-ந்தேதி ஜில்லாவையே பிரித்துவிட்டார்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, பட்டாதாரர் பாஸ் புத்தகத்தில் ஏன் இனிஷியல்? அதற்கும் ஒரு கடிதம் எழுதினேன்.

நைனா அன்பளிப்புக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டார். இந்தப் பணம் என் மகனுக்கு அன்பளிப்பு, திருப்பித் தரவேண்டியதில்லை, அந்த வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று.

தெலுங்குப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்தபிறகு சொலிசிட்டரிடமிருந்து ஒரு மெயில். விற்றவர்கள் மூன்று பேர் என்று இருக்கிறதே. உங்கள் அப்பா, பவர் மூலமாக நீங்கள், அப்புறம் ஒரு பெண். கடிதம் அப்பாவிடமிருந்து மட்டும் வந்திருக்கிறது. அந்தப் பெண் யார்? அவருடைய பணம் எங்கே?

அந்தப் பெண் என் தங்கை. திருப்பதியில் இருக்கிறாள்.

ஆந்திராவில் என்.டி.ஆர். ஆட்சியில் 1986-ல் இந்து வாரிசுச் சட்டத்தைத் திருத்தினார்கள். பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு. 1985 செப்டம்பர் 5-க்கு முன் கல்யாணமான பெண்களுக்கு மட்டும் அது கிடையாது. தமிழ்நாடு 1989-ல் செய்தது, நாடு முழுக்க 2005-ல் வந்தது. என் தங்கைக்குக் கல்யாணம் 2003-ல். தோப்பில் அவளுக்கும் மூன்றில் ஒரு பங்கு. வாங்கியவரின் வக்கீலுக்கு இது தெரியும், அதனால்தான் அவள் கையெழுத்தைக் கேட்டு வாங்கினார். நமக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டோம்.

அன்றைக்கு ராத்திரி போன் செய்து, "இன்னொரு கடிதம் வேணுமாம்மா" என்று இழுத்தேன்.

"நீ சொன்னா போட்டுடறேன் அண்ணா. ரிஜிஸ்டர் ஆபீஸ்லயும் போடச் சொன்னாங்க, போட்டேன். ஆனா கொடுக்கறியான்னு யாரும் என்னைக் கேக்கவே இல்லையே."

நைனாவிடம் சொன்னதும் கோபம் வந்தது. "அவளுக்குத்தான் கல்யாணத்துல 30 சவரன் போட்டோமே!" போட்டோம்தான். ஆனால் நகை போட்ட அன்றைக்கு, இதோடு தோப்பில் உன் பங்கு தீர்ந்தது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டியதும் இல்லை.

அந்தக் கடிதத்தை நான் வாங்கவில்லை. 15 லட்சம் திருப்பதியிலேயே தங்கை கணக்குக்குப் போனது. நைனாவின் பங்குக்கு மட்டும் புதுக் கடிதம். முன்பணம் 28,000 பவுண்டாக, 10 சதவீதமாகக் குறைந்தது. வட்டி ஏறியது, மாதத் தவணையும் ஏறியது. நைனா இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இந்தக் கேள்விமுறையில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். சீட்டு போட்டு, பால் விற்று, நேர்மையாகச் சேர்த்த பணத்துக்குக் காகிதம் இருக்காது. அவர்களை இது ரொம்பப் படுத்தும். ஆனால் நம்மில் பலர் கோபப்படுவது அதற்காக இல்லை. வீட்டில் யாரும் கேட்காத கேள்வியை வெளியாள் ஒருவர் கேட்டுவிடுகிறாரே என்றுதான்.

அதனால் ஊரில் நிலம் விற்று முன்பணம் கட்டப்போகிற நண்பர்களே, லெண்டர் கேட்கும்முன் நீங்களே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அக்காவோ தங்கையோ, "வேண்டாம், நீயே வச்சுக்கோ" என்று சொன்னால் அது அன்பளிப்பு. கேட்காமலே எடுத்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர்.

டிஸ்கி: இது சட்ட ஆலோசனை இல்லை. சொத்து விஷயத்துக்கு உங்கள் வக்கீலைப் பாருங்கள். தங்கையிடம் மட்டும் வக்கீல் வேண்டாம், நீங்களே பேசுங்கள்.